தம்புராவுக்கு மேல் சின்தசைஸர் ஏன் ஒட்டுவதில்லை?

நூல்கண்டு | ஜூன் 3, இரவு 9.12

1 கட்டையில் (ஸட்ஜம் சி) தம்புரா பதிவு இருக்கிறது. அதன்மேல் சின்த் பேட் (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி), அதற்கும் மேல் ஆலாபனை மாதிரி ஒரு குரல். ஸா, பா இரண்டும் கல்லுமாதிரி நிற்கின்றன. பேட் அந்தர காந்தாரத்துக்கு (க3) வந்ததும் கலங்கல். ரீவெர்ப் ஏற்றினால் இன்னும் மோசம். சுருதி மீட்டரில் எல்லாம் பச்சை. ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வில் ஹார்ப்பும் தம்புராவும் சேர்ந்தேதான் ஒலிக்கின்றன, அங்கே கலங்கவில்லை. அந்தக் காலத்து டேப்பின் கனிவுதான் காரணம் என்பது என் கட்சி. டேப் பிளகின் எது நல்லது?

பிருடை | ஜூன் 3, இரவு 10.40

டேப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணக்கைப் பாருங்கள்.

1 கட்டைக்குச் சாரணி, அதாவது நடு ஸட்ஜத் தந்தி, 130.81 ஹெர்ட்ஸ். அதை மீட்டும்போது ஐந்தாம் மேற்சுரம் (அடிச்சுரத்தின் ஐந்து மடங்கு) 654.06இல் தானாகக் கேட்கும். சுருதி சேர்ந்த தம்புராவில் எழும் ஸ்வயம்பு காந்தாரம் அதுதான். உங்கள் கீபோர்டு அதே இடத்தில் கொடுப்பது 659.26. வித்தியாசம் 5.2, நொடிக்கு ஐந்து தடவை அலை அடிக்கும், அதாவது சத்தம் ஏறி இறங்கும். கீழ் ஸட்ஜத் தந்தியான மந்தரத்தின் ஐந்தாம் மேற்சுரம் 327.03, கீபோர்டு 329.63, அங்கே நொடிக்கு 2.6 அலை. வெவ்வேறு வேகத்தில் அடிக்கும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நீங்கள் சொல்லும் கலங்கல். பஞ்சமத்தில் கீபோர்டு 2 சென்ட்தான் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைகிறது, காது மன்னித்துவிடும். காந்தாரத்தில் 13.7 சென்ட் கூடுகிறது. மீட்டர் பச்சை காட்டுவதில் வியப்பில்லை: அதுவும் கீபோர்டு ஸ்தாயியைப் பிரிக்கும் பன்னிரண்டு சமப் பங்கைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது.

ஹார்ப்பும் சமப் பங்குக்குத்தான் கட்டப்படுகிறது, ஆனால் தந்தி மீட்டியதுமே தேயத் தொடங்கும். கிளிஸாண்டோ வீச்சில் (தந்திகளை ஒரே இழுப்பில் வருடுவது) ஒரு சுரத்துக்குக் கிடைப்பது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. நொடிக்கு ஐந்து என்ற வேகத்தில் ஓர் அலை முழுதாகத் தெரிய 0.2 நொடியாவது வேண்டும். அதற்குள் அடுத்த வீச்சு மேலே வந்து விழுந்துவிடுகிறது. உங்கள் பேட் எட்டு நொடி காந்தாரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மிஸ்ரசாபு | ஜூன் 4, காலை 7.05

பிருடை சொன்னதோடு பாஸையும் சேர்க்கணும். தலைப்புப் பாட்டில் செசில் மெக்பீயின் பாஸ் ஒரே உருவைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஃபரோவா சாண்டர்ஸின் சோப்ரானோவில் சுரத்தை உதட்டால் வளைக்கலாம். நிலையாக நின்று காந்தாரம் பிடிக்கும் வாத்தியமே கிடையாது. துளசி என்பவர் வாசித்த தம்புரா மிக்ஸில் பின்னாலேயே நிற்கிறது.

வேறொரு இழையில் ‘அந்த ஆல்பம் முழுக்க ஊத்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் கடைசிப் பாட்டில் மட்டும்தான். அது 1970 ஜூலையில் வில்லேஜ் கேட் மேடையில் பதிவானது. ஊத் விஷ்ணு வுட், பாஸ் சார்லி ஹேடன். மற்றவை அந்த நவம்பரில் நியூயார்க் அருகே டிக்ஸ் ஹில்ஸ் வீட்டு ஸ்டுடியோவில் பதிவானவை. தலைப்பில் இருக்கும் சச்சிதானந்தர் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்துக்காரர், 1969இல் வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்தவர்.

பிருடை | ஜூன் 4, இரவு 8.30

தீர்வு. சின்த் ஸ்காலா கோப்பை (சுருதி விகிதங்களை எழுதும் உரைக்கோப்பு) படிக்குமானால் பன்னிரண்டு வரியில் வேலை முடிந்தது. ஸட்ஜத்திலிருந்து விகிதங்கள்:

ரி1 16/15, ரி2 9/8, க2 6/5, க3 5/4, ம1 4/3, ம2 45/32, ப 3/2, த1 8/5, த2 5/3, நி2 9/5, நி3 15/8, மேல் ஸ 2/1.

ஸட்ஜத்தை எழுதக்கூடாது, 1/1 அதில் உள்ளடக்கம். முதல் வரி விவரம், இரண்டாம் வரி சுரங்களின் எண்ணிக்கை 12, பிறகு வரிக்கு ஒன்றாக விகிதம், கடைசியில் 2/1. ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரியெல்லாம் குறிப்பு, மென்பொருள் தாண்டிப்போகும்.

நூல்கண்டு | ஜூன் 5, இரவு 11.20

விகிதத்துக்குப் பதிலாக சென்ட் போட்டேன். பஞ்சமத்துக்கு 702. அந்தக் கீயைத் தொட்டால் சத்தமே வரவில்லை, வேறு சில கீ வவ்வால் கத்துவதுபோல இருக்கிறது.

பிருடை | ஜூன் 5, இரவு 11.31

702.0 என்று எழுதுங்கள். புள்ளி இருந்தால் சென்ட், இல்லாவிட்டால் விகிதம். புள்ளியில்லாத 702ஐ மென்பொருள் 702/1 என்று படித்து, ஸட்ஜத்தை 702ஆல் பெருக்கிக் கொடுத்துவிட்டது. வவ்வாலுக்கே எட்டாத சுருதி அது.

பிருடை | ஜூன் 6, காலை 6.50

அடுத்து மாட்டப்போவது இதில்தான் என்பதால் முன்கூட்டியே. கீபோர்டு மேப்பிங் கோப்பு தனியாகக் கொடுக்காவிட்டால், பெரும்பாலான மென்பொருளில் நடு சி, அதாவது 60ஆம் கீதான் 1/1, அதன் அதிர்வு 261.63. 1 கட்டைக்கு இது தற்செயலாகப் பொருந்தும். 2 கட்டைக்கு மாறினால் விகிதம் எல்லாம் சியிலிருந்தே எண்ணப்பட்டு, டியில் நிற்கும் உங்கள் காந்தாரம் வேறெங்கோ போய் விழும். மேப்பிங்கில் 1/1ஐ 62ஆம் கீக்கு நகர்த்தி, அதன் அதிர்வையும் உங்கள் தம்புராவில் அளந்த எண்ணாகவே போடுங்கள். தம்புரா பதிவு அரை ஹெர்ட்ஸ் கூடக்குறைய இருக்கும், எப்போதுமே இருக்கும். மின்சாரப் பெட்டியைத் தம்புராவுக்கு நகர்த்துங்கள், தம்புராவைப் பெட்டிக்கு இழுக்காதீர்கள். பதிவான தம்புராவைப் பிட்ச் ஷிப்ட் செய்தால் முதலில் சாவது ஜீவா, அதாவது மேற்சுரங்கள் மினுங்கும் அந்த ரீங்காரம்தான்.

ஐந்தரைக்கட்டை | ஜூன் 6, பகல் 1.15

என்னுடைய ஹார்ட்வேர் சின்த் ஸ்காலாவைப் படிக்காது. சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்டை வைத்துச் சமாளிக்கலாமா?

பிருடை | ஜூன் 6, மாலை 5.48

தாராளமாக. மிடியில் (மின் வாத்தியங்கள் பேசிக்கொள்ளும் மொழி) பெண்டின் நடு 8192. வீச்சு கூட்டல் கழித்தல் 2 அரைச்சுரம் என்றால் ஒரு படி 0.0244 சென்ட். காந்தாரத்தை 13.7 சென்ட் இறக்க 561 படி, அதாவது 7631 அனுப்ப வேண்டும். ஒரே சேனலில் அனுப்பினால் ஸட்ஜமும் கூடவே இறங்கிவிடும். சுரத்துக்கு ஒரு சேனல் வைப்பதைத் தவிர வழியில்லை. எம்.பி.ஈ. முறை அதைத்தான் செய்கிறது, ஆனால் அதில் வழக்கமான வீச்சு 48 அரைச்சுரம். அங்கே ஒரு படி 0.586 சென்ட், 13.7க்கு 23 படி போதும்.

அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் வேறு வேறு வீச்சில் இருப்பதுதான் வழக்கமான கோளாறு. 2க்குக் கணக்கிட்டதை 48இல் வாசித்தால் காந்தாரம் 329 சென்ட் சரிந்து ரிஷபத்துக்கும் கீழே போகும், உடனே தெரிந்துவிடும். மாறாக நடந்தால் அரை சென்ட்தான் அசையும். எல்லாம் செய்தும் ஏன் கலங்குகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

மிஸ்ரசாபு | ஜூன் 7, காலை 9.00

ஆகாசவாணி 1940இலிருந்து 1971 வரை ஹார்மோனியத்தைத் தள்ளிவைத்தது இதே 13.7 சென்டுக்காகவும்தானே. இப்போது அந்த ஹார்மோனியத்தையே தட்டித் திருத்தக் கோப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பிருடை | ஜூன் 7, இரவு 9.25

ஜூன் 4 அன்று எழுதியதை மறுபடி படித்தபோது, விகிதம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனி வந்துவிட்டது போலிருக்கிறது. ஆகாது. அந்த அட்டவணையில் ரி2 9/8, த2 5/3. இரண்டுக்கும் நடுவில் 40/27, அதாவது 680 சென்ட். சுத்தமான பஞ்சம தூரத்துக்கு 21.5 சென்ட் குறைவு. ரிஷபத்தை அடியாக வைத்துக் கார்ட் போட்டால் ஓநாய் ஊளைதான். த2வை 27/16 ஆக்கினால் ரிஷபத்தோடு சேரும், ஆனால் மத்தியமத்தோடு இருந்த சுத்தமான 5/4 உறவு போய்விடும். பன்னிரண்டு கீக்குள் இதற்குப் பரிகாரம் கிடையாது.

ஆகவே முதலில் முடிவெடுக்க வேண்டியது இதைத்தான்: அடித்தளம், அதாவது கார்டுகளின் ஆதார சுரம், நகருமா நகராதா? நகராது என்றால் விகிதம். கார்ட் நகரும் என்றால் சமப் பங்கிலேயே இருங்கள், தம்புராவை மெதுவாக வையுங்கள், பேடில் காந்தாரத்தை எடுத்துவிட்டு ஸா பா மட்டும் நிறுத்துங்கள். காந்தாரத்தைத் தம்புராவே கொடுக்கும். தேயும் வாத்தியங்கள் அதைத் தொட்டுவிட்டுப் போகலாம்.

அமெரிக்க இசையமைப்பாளர் லா மாண்ட் யங் ‘வெல்-ட்யூன்ட் பியானோ’வில் செய்தது இன்னும் கடுமை. 1964இல் தொடங்கிய அந்த வேலையில் விகிதங்களிலிருந்து 5 என்ற எண்ணையே தள்ளிவிட்டார். 2, 3, 7 மட்டும். அதனால் 5/4 காந்தாரம் அதில் கிடையாது. 7/4 கைசிகி நிஷாதத்துக்குக் கிட்டே வரும், ஆனால் கீபோர்டு நிஷாதத்துக்கு 31 சென்ட் கீழே. 1 கட்டையில் மந்தரத்தின் ஏழாம் மேற்சுரம் 457.84, கீபோர்டு 466.16. இந்த ஏழாம் மேற்சுரத்தைத் தம்புராவில் காது கண்டுபிடித்துவிட்டால், பேடில் கீபோர்டு நிஷாதம் போடக் கை வராது. அவரும் டெர்ரி ரைலியும் 1970இலிருந்து கிரானா கரானா பண்டிட் பிரான் நாத்திடம் சீடராக இருந்து தம்புரா சுருதி சேர்த்தே பழகியவர்கள். பரம்பரை அவர்களுடைய இசையில் எங்கே நுழைந்தது என்று கேட்டால் சுருதியில் என்பேன். சித்தார் சத்தத்தை மேலே தூவுவது வேறு சங்கதி.

ஐந்தரைக்கட்டை | ஜூன் 8, காலை 10.10

அலையே கூடாது என்கிறீர்களா? பிரெஞ்சு மின்னணு இசையமைப்பாளர் எலியான் ரதீகின் இசை முழுக்க அலைதானே?

பிருடை | ஜூன் 8, மாலை 6.00

நல்ல குத்து. அலை கூடாது என்பதில்லை, நாம் தேர்ந்தெடுக்காத அலை கூடாது. ரதீக் ஆர்ப் 2500 சின்தில், திபெத்திய பௌத்தத்தில் இறங்கிய பிறகும், ஆஸிலேட்டர்களைக் கிட்டக்கிட்ட வைத்து நத்தை வேகத்தில் நகர்த்துவார். அந்த மாதிரி வேண்டுமானால் டிட்யூனை (இரண்டு ஆஸிலேட்டரின் சுருதி இடைவெளியை) சென்டில் வைக்காதீர்கள், ஹெர்ட்ஸில் வையுங்கள். 2 சென்ட் என்பது 65 ஹெர்ட்ஸில் 0.076, பதின்மூன்று நொடிக்கு ஓர் அலை; 523இல் 0.6, இரண்டு நொடிக்கும் குறைவு. மேலே போகப்போகப் பதற்றம் ஏறும். 0.1 ஹெர்ட்ஸ் என்று நிலையாக வைத்தால் எந்த ஸ்தாயியிலும் பத்து நொடிக்கு ஒரு மூச்சு. சின்தில் சென்ட் குமிழ் மட்டும்தான் இருக்கிறதென்றால் கீ ட்ராக்கிங்கை டிட்யூனுக்கு எதிர்த்திசையில் மாட்டிக் கிட்டத்தட்டச் சரிக்கட்டலாம்.

நூல்கண்டு | ஜூன் 9, இரவு 10.02

காந்தாரம் உட்கார்ந்துவிட்டது. டேப் கட்சியைக் கலைத்துவிட்டேன். ஆனால் தம்புரா லூப் என்பது மூன்றாம் சுற்றிலேயே தெரிந்துவிடுகிறது. லூப்பின் முடிவையும் தொடக்கத்தையும் குழைக்கும் கிராஸ்பேடை எவ்வளவு நீட்டினாலும்.

பிருடை | ஜூன் 10, இரவு 8.15

லூப் தெரிவது சத்தத்தின் அளவால் இல்லை. தந்தியைத் தாங்கும் குதிரையின் மேல்பக்கம் லேசாக வளைந்திருக்கிறது, அதன்மேல் தந்திக்கு அடியில் ஜீவா நூல். அதிரும்போது தந்தி அந்த வளைவை உரசி உரசித் தொடுகிறது. சக்தி அடிச்சுரத்திலிருந்து மேற்சுரங்களுக்கு ஏறி, தேயத்தேயக் கீழே இறங்குகிறது. தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டினாலும், அங்கே முடிச்சு உள்ள மேற்சுரமும் தம்புராவில் கேட்கும் என்று சி.வி. ராமன் 1921இலேயே எழுதினார். சாதாரணத் தந்தியில் அது கேட்கக்கூடாது. ஆக ஒவ்வொரு மீட்டும் மேலிருந்து கீழே ஒரு வானவில். லூப்பை நடுவில் வெட்டினால் வானவில் பாதியில் அறுந்து மறுபடி தொடங்குகிறது. கிராஸ்பேட் இரண்டு பாதியைக் குழைக்குமே தவிர ஒட்டாது.

செய்ய வேண்டியது: நான்கு தந்தியையும் தனித்தனியாகப் பதியுங்கள். ஒன்றை மீட்டும்போது மற்ற மூன்றையும் கையால் அமுக்காமல் திறந்தே விடுங்கள், அவற்றின் அனுதாப அதிர்வு இல்லாவிட்டால் தம்புரா மொட்டையாகிவிடும். ஒவ்வொரு மீட்டும் முழுதாகத் தேயும்வரை விடுங்கள். பிறகு சாரணியையும் அதன் ஜோடித் தந்தியான அனுசாரணியையும் ஒரே கோப்பில் வைத்து, பஞ்சமம் 11 நொடி, சாரணிகள் 13, மந்தரம் 17 என்று வெவ்வேறு நீளத்தில் சுற்றவிடுங்கள். மூன்றும் தொடங்கிய நிலைக்கே திரும்ப 2431 நொடி, நாற்பது நிமிடத்துக்கும் மேல். ஒவ்வொரு கோப்பிலும் மூன்று நான்கு மீட்டு இருக்க வேண்டும், கையால் வாசித்த சிறு ஏற்ற இறக்கத்தோடு. மீட்டுகளைத் தாளக் கட்டத்தில் ஒட்டும் குவான்டைஸ் வேண்டவே வேண்டாம்.

மைக் குதிரையிலிருந்து 30, 40 செ.மீ. தள்ளி, குடத்தைப் பார்த்து நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து. நேராக வைத்தால் 100, 200 ஹெர்ட்ஸ் பக்கம் குமுறும். கம்ப்ரஸர் போட்டால் வானவிலின் வாலைத் தூக்கிவிட்டு எல்லா மீட்டையும் ஒரே நிறமாக்கும். நாய்ஸ் கேட் அந்த வாலையே நறுக்கிவிடும்.

ஜீவா நூலை நகர்த்தும்போது ஒரு முடி அளவுதான். இரைச்சல் வரும் இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நிறுத்துங்கள். நூல் நிற்கும் இடம் தந்திக்குத் தந்தி மாறும். ஜீவா வைத்த பிறகு சுருதி லேசாக நகரும், தந்தியிலுள்ள சுருதி மணியை உருட்டி மறுபடி சேர்க்க வேண்டும். பலர் இந்தக் கடைசி வேலையை மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தரைக்கட்டை | ஜூன் 11, பகல் 12.30

ரீவெர்ப் பற்றி யாரும் பேசவில்லை. அதுதானே இந்த வகை இசையின் பிரசாதம்? 20 நொடி ரீவெர்ப் போட்டால் கொசுகூட முக்தி அடைந்துவிடும்.

மிஸ்ரசாபு | ஜூன் 11, பகல் 2.05

அதனால்தான் கொசுக்கள் நிறைய ஆல்பம் போடுகின்றன.

பிருடை | ஜூன் 11, இரவு 9.50

அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 1988இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்ட் வோர்டன் என்ற பழைய கோட்டையின் நிலத்தடி நீர்த்தொட்டிக்குள் இறங்கிப் பதிவு செய்தார். அங்கே எதிரொலி 45 நொடி. அவர் கையிலிருந்த அக்கார்டியன் விகிதச் சுருதிக்கு மாற்றியமைக்கப்பட்டது. 45 நொடிக்கு முன் வாசித்த சுரம் இன்னும் சுவரில் இருக்கும்போது, இப்போது வாசிப்பது மெட்டு இல்லை, கார்ட். சுருதி பிசகினால் அந்தப் பிசகும் 45 நொடி கூடவே நிற்கும். உங்கள் பேட் ரீவெர்பில் மோசமானதும் இதனால்தான்.

குரலுக்கு வேறு கணக்கு. தேவாரமோ திருப்புகழோ ஓதும்போது வல்லின மெய் ரீவெர்பில் கரைந்தால் சந்தமே போச்சு. முன் தாமதம் (ரீவெர்ப் தொடங்குமுன் விடும் இடைவெளி) 60 முதல் 80 மில்லிநொடி. ரீவெர்ப் திரும்பும் பாதையில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. அதே பாதையில் ஒரு கம்ப்ரஸர் வைத்து, நேர்க்குரலை அதற்கு விசையாகக் கொடுங்கள். சொல் ஒலிக்கும்போது எதிரொலி 6 டெசிபல் தணிந்து, நெடில் நீளும்போதும் மூச்சு விடும்போதும் எழும்பும். ரிலீஸ் (கம்ப்ரஸர் பிடியை விடும் நேரம்) 300 மில்லிநொடிக்குக் கீழே போனால் எதிரொலி விக்கல் எடுக்கும்.

நூல்கண்டு | ஜூன் 13, காலை 8.40

ஒரு சந்தேகம், கோபிக்க வேண்டாம். சென்ட், ஹெர்ட்ஸ், மில்லிநொடி என்றே போகிறது. ஆன்மீக இசை என்று தேடி வந்தவன் நான்.

மிஸ்ரசாபு | ஜூன் 13, பகல் 1.00

ஆலிஸ் கோல்ட்ரேன் 1982இல் ‘துரியா சிங்ஸ்’ என்று ஒரு கேசட் போட்டார். முதல்முறையாகத் தானே பாடியது, தன் ஆசிரமத்துக்காரர்களுக்காக மட்டும். அதன் அடியிலிருந்த ஓர்கன், குரல் மட்டுமான வடிவம் 2021இல் வெளிவந்தது. பஜனைச் சொல் நம்முடையது, கார்ட் டெட்ராய்ட் தேவாலயத்துடையது. அவர் சிறுவயதில் ஓர்கன் வாசித்த இடம். ஸ்காலா கோப்பு எதுவும் கிடையாது, சமப் பங்கு வுர்லிட்ஸர். அங்கே அடித்தளம் நகர்கிறது, ஆகவே தம்புரா கிடையாது. பிருடை 7ஆம் தேதி சொன்ன முடிவை அவர் எடுத்த விதம் அது.

இன்னும் பின்னால் போனால் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். கும்பெனி பாண்டு வாசித்த மெட்டுகளில் சமஸ்கிருதச் சொல், சங்கராபரணம், கமகம் இல்லை. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் ராஜாவின் வாழ்த்துப்பாட்டு மெட்டுதான். கமகத்தை விட்டது மெட்டின் தேவைக்கு. எதைக் கொண்டுவருவது என்பதோடு எதை விடுவது என்றும் அவர் முடிவு செய்திருக்கிறார்.

பிருடை | ஜூன் 13, இரவு 10.30

கோபம் எதற்கு. மந்திரத்தை சாம்பிளாக வெட்டி நான்கு பாருக்கு ஒருமுறை ஒட்டுவதைத்தான் பலர் ஆன்மீகம் என்று போடுகிறார்கள். ஓதுபவரின் மூச்சு எங்கே முடிகிறது என்றுகூடப் பார்க்காமல் வெட்டுவார்கள். அதைவிட ஒரு மணி நேரம் சாரணி அனுசாரணியை அலையில்லாமல் சேர்ப்பது எனக்கு ஒழுங்கான சாதகமாகப் படுகிறது. இதில் மாற்றுக் கருத்து இருக்கலாம், சண்டைக்கு நான் வரவில்லை.

ஐந்தரைக்கட்டை | ஜூன் 15, மாலை 4.20

ஹார்ப்புக்குத் திரும்பலாமா? சாம்பிள் ஹார்ப்பில் கிளிஸாண்டோ இழுத்தால் வெள்ளைக் கட்டை மட்டும் ஓடி எல்லாம் சங்கராபரணம் ஆகிறது.

பிருடை | ஜூன் 15, இரவு 9.10

நிஜ ஹார்ப்பில் ஏழு பெடல், ஆங்கில சுர எழுத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை: ஃப்ளாட், இயல்பு, ஷார்ப். ஒரு பெடலை மாற்றினால் எல்லா ஸ்தாயியிலும் அந்தச் சுரம் மாறும். ஏழு சுர ராகத்துக்கு நேராகவே வைக்கலாம். சி ஸட்ஜமாக மாயாமாளவகௌளைக்கு டி, ஏ இரண்டும் ஃப்ளாட், மற்றவை இயல்பு.

ஐந்து சுர ராகத்தில்தான் வேடிக்கை. எழுத்து ஏழையும் ஓடவிட்டே ஐந்து சுரம் வாங்க வேண்டும். மோகனம்: சி, டி, ஈ, ஜி, ஏ இயல்பு, எஃப் ஃப்ளாட் ஆனால் ஈ ஆகிறது, பி ஷார்ப் ஆனால் சி ஆகிறது. ஹிந்தோளம்: சி, எஃப் இயல்பு, டி ஷார்ப்பும் ஈ ஃப்ளாட்டும் ஒன்று, ஜி ஷார்ப்பும் ஏ ஃப்ளாட்டும் ஒன்று, பி ஃப்ளாட். ஒரே சுரத்துக்கு அடுத்தடுத்து இரண்டு தந்தி வருவதால் வீச்சில் அந்தச் சுரம் இரட்டிப்பாக, லேசான அலையோடு மினுங்கும். கிளிஸாண்டோவின் பளபளப்பில் பாதி அதுதான்.

சாம்பிளில் இதைப் பெற வெள்ளைக் கட்டை ஏழுக்கும் மேற்படி சுரங்களை மிடி ட்ரான்ஸ்ஃபார்மரில் மாற்றி எழுதுங்கள். இரட்டைச் சுரத்தில் ஒன்றை 2 சென்ட் தள்ளிவையுங்கள், இல்லாவிட்டால் அதே சாம்பிள் அதே கட்டத்தில் இரண்டு தடவை விழுந்து இயந்திரத் துப்பாக்கி மாதிரி ஆகும். வெலாசிட்டி வீச்சின் தொடக்கத்தில் 50, நடுவில் 80, முடிவில் மறுபடி 60. கடைசிச் சுரம் ஸட்ஜத்திலோ பஞ்சமத்திலோ இறங்கட்டும். காந்தாரத்தில் இறக்கி அப்படியே விட்டால் ஜூன் 3 கேள்விக்கே திரும்பி வந்துவிடுவோம்.

நூல்கண்டு | ஜூன் 15, இரவு 11.45

மோகனம் ஓடுகிறது. ஆலிஸின் ஆசிரமக் கேசட்டுகளில் சின்த் மேலே ஏறி இறங்குமே, அந்த ஜாரு (சறுக்கல்) எப்படி?

பிருடை | ஜூன் 16, காலை 6.30

அது ஓபர்ஹைம் ஓபி-8. போர்டமென்டோவை (சுரத்திலிருந்து சுரத்துக்குச் சறுக்கும் வசதி) நிலையான நேரம் என்ற வகையில் வையுங்கள், 400 முதல் 900 மில்லிநொடி. நிலையான வேகத்தில் வைத்தால் பெரிய தாவலுக்கு அதிக நேரம் எடுத்துத் தாளத்தைத் தின்றுவிடும். நேர்கோடாக ஏறினால் சைரன். முதல் பாதியில் வேகமாக ஏறி, கடைசி இரண்டு அரைச்சுரத்தில் நிதானமாகும் வளைவு வேண்டும். அது பிளகினில் கிடைக்காவிட்டால் பெண்ட் வீச்சைக் கூட்டல் கழித்தல் 12 ஆக்கி, சக்கரத்தைக் கையாலேயே தள்ளுங்கள். ஸ்காலா கோப்பை ஏற்றிய சின்தில் பெண்ட் மட்டும் சமப் பங்கிலேயே நகரும்: க3இலிருந்து ஏழு அரைச்சுரம் ஏற்றினால் நி3க்கு 2 சென்ட் குறைவாகத்தான் நிற்கும், அது பரவாயில்லை. ரி2இலிருந்து ஏழு ஏற்றித் த2இல் நிறுத்தினால் அட்டவணைத் த2வை விட 20 சென்ட் கூடுதல். அந்த ஜாருவை மட்டும் கீயால் முடியுங்கள்.